ஆளுக்கேற்ற மட்டை

குன்றத்தூர்க் கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடை வாசலில் நின்று மண்வெட்டி வாங்குகிறவரை நீங்கள் கவனித்ததுண்டா? அவர் முதலில் வாங்குவது இரும்புத் தகட்டை மட்டும்தான். மரப்பிடியைத் தனியே பொறுக்கி எடுக்கிறார். அதைத் தரையில் ஊன்றித் தம் உடம்போடு ஒட்டிப் பார்க்கிறார். நீளம் மிகுந்தால் அறுக்கச் சொல்கிறார். பிறகு தகட்டின் வளையத்தில் பிடியை நுழைத்து ஆப்பு வைக்கும்போது, இரண்டு மூன்று முறை தரையைக் கொத்துவதுபோல ஓங்கிப் பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் மூடட்டும்" என்றோ, "சற்றே திறக்கட்டும்" என்றோ சொல்கிறார். ஆப்பு ஒரு நூல் அளவு தள்ளி இறங்குகிறது. கருவி அவருடையதாகிவிடுகிறது.

இந்தச் சிறிய காட்சியில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று பிடியின் நீளம். மற்றொன்று பிடிக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள கோணம். இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவர்களுக்கு இதை எவரும் வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இதே இரண்டு அளவுகளை ஒரு விளையாட்டு உலகம் கையில் வைத்திருந்து, பிறகு தொலைத்து, மீண்டும் கண்டுபிடிக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த விளையாட்டு கோல்ஃப்.

"கோல்ஃபுக்கும் குன்றத்தூருக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். குன்றத்தூரிலிருந்து மேற்கே போகும் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் விடை கிடைக்கும். 1996ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றையொட்டிக் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவ்விரு நாடுகளிலும் கோல்ஃப் என்பது அலுவலக வாழ்க்கையோடு ஒட்டிய விளையாட்டு. பெட்டி படுக்கையோடு மட்டைப் பையும் வருவதில் வியப்பில்லை.

இப்போது ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். அப்படி வந்த ஒருவர் ஊர் திரும்புகிறார். மட்டைகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார். உங்கள் அண்ணனுக்கு அந்த விளையாட்டில் ஆசை. புதிய செட் ஒன்றின் விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையை எளிதில் எட்டிவிடும். ஆகவே பழையதுதான் வழி. ஆனால் அண்ணனின் உயரம் ஆறடி இரண்டங்குலம்! அந்த மட்டை அவருக்குப் பொருந்துமா?

இக்கட்டுரையாளரின் உயரம் ஐந்தேகால் அடி. எனவே இந்தக் கேள்வியில் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை. ஆனால் விடையைத் தேடிப் போனால் சுவையான வரலாறு ஒன்று கிடைக்கிறது.

வில் செய்தவர் மட்டையும் செய்தார்

கோல்ஃபின் தாயகம் ஸ்காட்லாந்து. 1457ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்தது. இளைஞர்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்து அடிக்கப் போய்விடுகிறார்கள் என்பதே காரணம். வேடிக்கையைக் கேளுங்கள்: 1603ஆம் ஆண்டு அதே நாட்டின் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் தமக்கு மட்டை செய்து தர வில்லியம் மேன் என்பவரை நியமித்தார். அவர் தொழிலால் எடின்பரோ நகரத்து வில் செய்பவர்! வளையவும் வேண்டும், முறியவும் கூடாது என்று மரத்தைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர் வில்லாளிதானே?

வில்லை எப்படிச் செய்வார்கள்? இழுப்பவனின் கை நீளத்தையும் தோள் வலிமையையும் பார்த்துத்தான். மட்டையும் அப்படியே பிறந்தது. தலை ஆப்பிள், பேரி அல்லது பீச் மரத்தில். தண்டு ஆஷ் மரத்தில். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹிக்கரி மரம் தண்டுக்கு வந்து சேர்ந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் ஹியூ ஃபில்ப் என்ற தச்சர் செய்த மட்டைகளுக்கு அந்நாளில் பெரும் மதிப்பு. பட்டறைக்கு வருகிறவர் மட்டையை வீசிப் பார்ப்பார். தச்சர் இழைப்புளியால் ஒரு சீவு சீவித் தருவார். உயரமானவருக்கு நீளமாக, குள்ளமானவருக்குக் குட்டையாக. நம் மண்வெட்டிக் கதைதான்.

இந்த நிலையை முதலில் அசைத்தது மட்டையன்று, பந்து. அதுவும் நம் ஆசியாவிலிருந்து போன ஒரு மரப்பால். அதுவரை பந்து என்பது தோல் உறைக்குள் வேகவைத்த வாத்து இறகுகளைத் திணித்துத் தைத்தது. தேர்ந்த தொழிலாளி நாள் முழுவதும் முயன்றாலும் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. மலாயாக் காடுகளில் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அங்குள்ளவர்கள் கத்திப் பிடி செய்வதைச் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமரி கண்டு, 1843இல் மாதிரிகளை மேனாட்டுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும் பொருள் அது. இந்தியாவிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன ஒரு விஷ்ணு சிலைக்குப் பாதுகாப்பாக இந்தக் கட்டாபெர்ச்சாத் துண்டுகளைப் பெட்டியில் அடைத்திருந்தார்கள் என்றும், அவற்றை உருட்டியே முதல் பந்து செய்யப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, 1848ஐ ஒட்டி இந்தப் பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

பந்து மலிந்தது, ஆடுவோர் பெருகினர். இறகுப் பந்தைவிடக் கடினமான இந்தப் பந்து மெல்லிய மரத்தலைகளைப் பிளந்தது. எனவே இரும்புத் தலைகள் பெருகின. தேவை பெருகியதும் தச்சுப் பட்டறை போய்த் தொழிற்சாலை வந்தது. மரத்தலைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. தூரம் அடிக்கும் மட்டைகளுக்கு அமெரிக்கப் பெர்சிமன் மரம் வந்தது. நம் கருங்காலிக்கு அது நெருங்கிய உறவு. இரண்டும் டயோஸ்பைரஸ் என்ற ஒரே பேரினம். 1979ஐ ஒட்டி எஃகுத் தலை கடைக்கு வரும் வரை பெர்சிமனே கோலோச்சியது.

இதே காலத்தில் விளையாட்டு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1829இல் கல்கத்தாவில் தொடங்கிய சங்கம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. 1876இல் பெங்களூர், 1895இல் கொடைக்கானல் என்று சங்கங்கள் பரவின. உதகையின் புல்வெளிகளிலும் மட்டைகள் சுழன்றன. சென்னையில் 1884இல் தோன்றிய ஜிம்கானா சங்கத்தார் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஆடினார்கள். அந்தத் திடலின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. 1873இல் தோன்றிய காஸ்மாபாலிடன் சங்கத்தின் மைதானம் நந்தனத்தில் அமைந்தது. ஆனால் எந்த மைதானத்திலும் மட்டை என்பது கப்பலில் வந்த பண்டம். வீசிப் பார்த்துச் சீவித் தரும் தச்சர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். வந்ததைக் கொண்டு ஆட வேண்டியதுதான்.

பெயர் போய் எண் வந்தது

ஹிக்கரித் தண்டுக் காலத்தில் மட்டைகளுக்குப் பெயர்கள் உண்டு: கிளீக், மாஷி, நிப்லிக் என்று. ஒரு மரத்தைப்போல் மறு மரம் இராது. ஆகவே ஆட்டக்காரர் ஒவ்வொரு மட்டையையும் தனித்தனியே கைக்கு இசைவாகப் பார்த்துச் சேர்த்தார்.

எஃகுக் குழாய்த் தண்டு இந்த வழக்கத்தை மாற்றியது. அமெரிக்காவில் 1920களின் நடுவிலும் பிரிட்டனில் 1929இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. எஃகுக் குழாயின் சிறப்பு, ஆயிரம் செய்தாலும் ஆயிரமும் ஒன்றுபோல் இருக்கும் என்பது. ஒரகடத்தில் பணிபுரியும் எவருக்கும் இதன் அருமை தெரியும். இனி மட்டைகளைத் தனித்தனியே பொறுக்க வேண்டியதில்லை. ஒரே வார்ப்பான செட்! பெயர்கள் போய் எண்கள் வந்தன. எண் கூடக் கூட நீளம் அரை அங்குலம் குறையும்; முகத்தின் சரிவு கூடும். ஒருவர் 14 மட்டைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் விதியே வந்தது.

நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள். 'ஐந்தாம் எண்ணின் நீளம் இவ்வளவு' என்றால், யாருக்கு இவ்வளவு?

"சராசரி மனிதனுக்கு" என்பது தொழிற்சாலையின் விடை. அந்தச் சராசரி மனிதனை எவராவது பார்த்ததுண்டா? 1950இல் அமெரிக்க விமானப்படை தேடிப் பார்த்தது. 4,063 விமானிகளின் உடலை அளந்தார்கள். உயரம், மார்பளவு, கை நீளம் போன்ற 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுத்தரமாக இருப்பவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் எண்ணினார். விடை: பூஜ்யம். சராசரி விமானிக்கென்று அமைத்த இருக்கை உண்மையில் எவருக்குமே அமையவில்லை!

சராசரியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1896இல் பிறந்தவர்களையும் 1996இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட உலகளாவிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அந்த நூறாண்டில் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியிருக்கிறது. ஊட்டமும் மருத்துவமும் செய்த மாறுதல் இது. நம் வீடுகளிலும் பாருங்கள். அப்பாவின் தோளைத் தாண்டிப் பிள்ளை வளர்ந்து நிற்கிறான். எண் பொறித்த மட்டை மட்டும் வளராமல் இருந்தது.

மட்டை பொருந்தாவிட்டால் என்ன?

"கொஞ்சம் குனிந்து ஆடினால் போயிற்று" என்று சொல்பவர் உண்டு. அது முதுகுக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பந்து எங்கே போகும் என்பதைப் பாருங்கள்.

முதலில் இரண்டு கோணங்களைப் பிரித்துக்கொள்வோம். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் பதிந்திருக்கும்போது, தண்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம் ஒன்று. அதைத் தண்டுக் கோணம் என்போம். நடுத்தர நீள இரும்பு மட்டையில் அது 62 டிகிரியை ஒட்டி இருக்கும். பந்தை மேலே தூக்குவதற்காக முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு மற்றொன்று. அது முகச் சரிவு.

உயரமானவரின் கைகள் தரையிலிருந்து உயரத்தில் இருக்கின்றன. அவர் குட்டையான மட்டையைப் பிடித்தால் தண்டு செங்குத்தை நோக்கி நிமிர்கிறது. அப்போது தலையின் நுனி தரையில் அழுந்த, தண்டுப் பக்கமான குதி மேலே எழும்புகிறது. இதனால் முகம் எந்தத் திசையில் திரும்பும்?

நீங்களே சோதிக்கலாம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, மேசைமேல் உங்களை நோக்கிப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அட்டையின் நடுவே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் நேர் முன்னே, சற்று மேல்நோக்கிக் காட்டும். இனி புத்தகத்தின் சரிவை மாற்றாமல் அதன் இடது மூலையை மட்டும் மேசையிலிருந்து உயர்த்துங்கள். பென்சில் வலப்பக்கம் திரும்பிவிட்டதல்லவா? புத்தகத்தைச் சாய்க்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி இதையே செய்தால் பென்சில் அசையாது. ஆக, பிழைக்குக் காரணம் மூலை எழும்பியது மட்டுமன்று. அது முகச் சரிவோடு சேர்வதுதான்.

கணக்கும் எளியதே. திசைப் பிழையின் டான்ஜென்ட் = முகச் சரிவின் டான்ஜென்ட் × தண்டுக் கோணப் பிழையின் சைன். முகச் சரிவு 34 டிகிரி, தண்டுக் கோணத்தில் 4 டிகிரி பிழை என்று வைத்துக்கொண்டால், முகம் ஏறத்தாழ 2.7 டிகிரி வலப்பக்கம் பார்க்கும். 130 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 6 மீட்டர் விலகல்! பச்சைத் திட்டுக்குப் போக வேண்டிய பந்து மணல் பள்ளத்தில் இருக்கும். சரிவு 50 டிகிரியான குட்டை மட்டையில் திசைப் பிழை 4.8 டிகிரி. சரிவு 10 டிகிரியே உள்ள நீண்ட மட்டையில் 0.7 டிகிரிதான். ஆகவே உயரமானவருக்கு நீண்ட மட்டையில் நேராகப் போகும் பந்து, குட்டை மட்டையில் வலப்பக்கம் ஓடும்.

கொடுமை என்னவென்றால், ஆட்டக்காரர் மட்டையைச் சந்தேகிக்கமாட்டார். தம்மையே சந்தேகிப்பார். பந்து வலப்பக்கம் போகிறதே என்று மணிக்கட்டைத் திருப்பக் கற்றுக்கொள்வார். ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை. நாளடைவில் அதுவே பழக்கமாகிவிடும். பிறகு சரியான மட்டை கையில் கிடைத்தாலும் பந்து இடப்பக்கம் ஓடும்!

செருப்புக் கடையிலிருந்து வந்த பொறியாளர்

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வேயில் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போனவர். அவருடைய தந்தை காலணி தைப்பவர். மகனும் அதே கடையில் வேலை செய்தார். பிறகு பொறியாளராகி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்தபின்தான் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தார். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை தமக்குச் சரிவரவில்லை என்று 1959இல் வீட்டுக் கொட்டகையில் தாமே ஒன்று செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. பின்னாளில் நிறுவனத்தின் பெயரும் அதுதான்.

காலணிக் கடையில் வளர்ந்தவருக்கு 'சராசரிப் பாதம்' என்ற பேச்சே சிரிப்பை மூட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1970களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் ஒரு வண்ணப் பட்டியலை வெளியிட்டது. ஓர் அச்சில் ஆட்டக்காரரின் உயரம். மற்றோர் அச்சில், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நிறம். மட்டைத் தலையில் அந்த நிறத்தில் ஒரு புள்ளி. கறுப்பு என்றால் வழக்கமான தண்டுக் கோணம். நீலம், பச்சை, வெள்ளை என்று போகப்போகத் தண்டு நிமிர்ந்திருக்கும். சிவப்பு, ஆரஞ்சு என்று போனால் தாழ்ந்திருக்கும். மண்வெட்டி ஆப்பு வண்ணப் புள்ளியாகத் திரும்பி வந்தது!

உயரத்தோடு மணிக்கட்டையும் ஏன் அளந்தார்கள்? இங்கேதான் நுட்பம். மணிக்கட்டின் உயரம் ஆளின் உயரத்தில் ஏறத்தாழ பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் மற்றவரைவிட 15 செ.மீ. உயரம் என்றால் அவருடைய மணிக்கட்டு சுமார் 7 செ.மீ.தான் உயர்ந்திருக்கும். உயரமானவர்கள் பலருக்குக் கையும் நீளம். கை நீண்டால் மணிக்கட்டு இன்னும் கீழே வரும். எனவே ஆறடி இரண்டங்குல மனிதர் இருவரில் ஒருவருக்கு நீண்ட மட்டை தேவைப்படலாம். மற்றவருக்கு வழக்கமான மட்டையே போதும். கண்ணால் பார்த்து "நீங்கள் உயரம், உங்களுக்கு நீள மட்டை" என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

அந்த 7 செ.மீட்டரையும் நீளத்தாலேயே ஈடு செய்யப் பார்த்தால், தண்டு சாய்ந்திருப்பதால் ஏறத்தாழ மூன்று அங்குலம் கூட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு நீண்ட மட்டையின் தலை கைக்குப் பாரமாகிப் பந்தின் நடுவில் படாது. ஆகவே நீளத்தில் கொஞ்சம், கோணத்தில் கொஞ்சம், நிற்கும் நிலையில் கொஞ்சம் என்று பங்கிடுகிறார்கள்.

மட்டையின் உதவியால் மட்டுமே எவரும் வென்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியை 1969இல் வென்ற ஜார்ஜ் ஆர்ச்சர் ஆறடி ஐந்தரை அங்குலம். 1991இல் அதே போட்டியை வென்ற இயான் வூஸ்னம் ஐந்தடி நான்கரை அங்குலம். ஒரே மைதானம், ஒரே குழிகள், இடையே ஓரடிக்கு மேல் வித்தியாசம்!

கையில் கிடைத்ததைக் கொண்டு உலகை வென்றவரும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதன்பின் அங்கே வேர் பிடித்த இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் 'பாப்வா' செவ்கோலம். மைதானத்தில் பிறர் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலை. மரக்கிளையை வெட்டி மட்டையாக்கித் தாமாகப் பழகினார். வலக்கை ஆட்டக்காரர் எல்லோரும் வலக்கையைக் கீழே வைப்பார்கள். அவர் இடக்கையைக் கீழே வைத்தார். திருத்த ஆளில்லை. அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் சங்கக் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. கொட்டும் மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே முந்தினார்.

நம் நாட்டிலும் கேடிகளின் கதை இதற்குத் தொலைவில் இல்லை. 1991இல் இந்திய ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாகத் தொடங்கியவர். 2009இல் வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர். கேடிச் சிறுவனுக்குக் கிடைப்பது பெரியவர் கழித்துப் போட்ட மட்டை. அளவு பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 1991 வரை அயல்நாட்டுப் பண்டங்களுக்கு இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பணமுள்ளவருக்கே நல்ல மட்டை அரிது. நுகர்பொருள்கள் மீது எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் முழுவதும் நீங்கின. ஆகவே பழைய மட்டை வாங்குவது நம் நாட்டில் சிக்கனம் மட்டுமன்று, மரபும்கூட.

சரி, அண்ணனுக்கு எது?

இத்தனை வரலாறும் தெரிந்தபின் பழைய செட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். முதலில் மட்டையை அல்ல, ஆளை அளவுங்கள். காலணியோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். 34 முதல் 37 அங்குலம் வரை இருந்தால் வழக்கமான நீளமே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் 40 வரை அரை அங்குலம் கூடுதல். அதையும் தாண்டினால் ஓர் அங்குலம். பட்டியலுக்குப் பட்டியல் இது சற்று மாறும். தொடங்குவதற்கு இது போதும்.

பிறகு மட்டையை அளவுங்கள். எண்ணை நம்பாதீர்கள். முன் உரிமையாளர் குள்ளமானவராக இருந்தால் தண்டை அறுத்திருப்பார். உயரமானவராக இருந்தால் பிடிக்குள் செருகு வைத்து நீட்டியிருப்பார். அடிப்பாகத்தைத் தரையில் சமமாகப் பதித்து, தண்டின் பின்புறமாகப் பிடியின் உச்சி வரை அளக்க வேண்டும். இன்றைய ஏழாம் எண் சுமார் 37 அங்குலம் இருக்கும். 1970களின் செட் என்றால் அதைவிட அரை அங்குலம் குறைவாக இருப்பது இயல்பு. அறுத்துவிட்டார்கள் என்று பழி சொல்ல வேண்டாம்.

முகச் சரிவில் இன்னொரு பொறி இருக்கிறது. 1970களில் ஏழாம் எண்ணின் சரிவு 36 முதல் 38 டிகிரி. இன்று பலவற்றில் 30ஐ ஒட்டி வந்துவிட்டது. "என் ஏழாம் எண் எவ்வளவு தூரம் போகிறது பார்" என்று பெருமை பேச வைப்பதற்காகவே ஆறாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் ஏழு என்று பெயர் சூட்டியதுபோலத்தான் இது. வெவ்வேறு காலத்து மட்டைகளைக் கலந்து வாங்கினால், இரண்டு மட்டைகள் ஒரே தூரம் அடிக்கும். இடையே ஒரு தூரத்துக்கு மட்டையே இராது.

நீளம் போதவில்லை என்றால் நீட்டலாம். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. தண்டு நீண்டால் வீசும்போது தலை பாரமாகத் தோன்றும். தண்டும் சற்று இளகினதுபோல் வளையும். அரை அங்குலம் நீட்டினால் தண்டுக் கோணம் ஒரு டிகிரி நிமிர்ந்ததற்குச் சமம் என்பது பட்டறை வழக்கு. ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டிய மட்டையை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது. நீட்டுவதைவிட அறுப்பது எளிது. எனவே உயரமானவர் ஒருவர் விற்கும் செட் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கோணத்தை மாற்றுவதும் இயலும். மெல்லிய கார்பன் எஃகை அடித்துச் செய்த தலை இரண்டு டிகிரி வரை இடுக்கியில் நன்றாக வளைந்து கொடுக்கும். வார்ப்பில் செய்த துருப்பிடிக்காத எஃகுத் தலை பிடிவாதக்காரன். சில வளையும், சில கழுத்தில் கீறல் விடும். கோணம் எவ்வளவு என்று அறிய விலையுயர்ந்த பொறி வேண்டாம். ஒரகடம் பட்டறைகளில் கடைசலாளர் பயன்படுத்தும் கோணமானி போதும். அடிப்பாகம் வளைவாக இருப்பதால் வரிப்பள்ளங்கள் தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து அளவுங்கள். எஃகுத் தண்டில் தலை சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பிடி வழவழத்திருந்தால் கவலை இல்லை; ரப்பர்தானே, மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, அளவுநாடாவும் கோணமானியும் சொல்லாத ஒன்றைப் பந்திடமே கேட்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவால் பந்தின் மேல் தடிமனாக ஒரு கோடு வரையுங்கள். கோடு செங்குத்தாக நின்று மட்டையை நோக்கும்படி பந்தை வைத்து, அண்ணனை வழக்கம்போல் அடிக்கச் சொல்லுங்கள். முகத்தில் அந்தக் கோட்டின் மை ஒட்டியிருக்கும். அது வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் தண்டுக் கோணம் அவருக்குப் பொருந்துகிறது. கோட்டின் உச்சி குதிப் பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு அவருக்கு மிகத் தாழ்ந்திருக்கிறது. உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் விழும். நுனிப் பக்கம் சாய்ந்தால் தண்டு மிக நிமிர்ந்திருக்கிறது. ஒரு முறை அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு முறையாவது அடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் முகத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். மை தடம் இல்லாமல் போய்விடும். விற்பவரும் முகம் சுளிக்கமாட்டார்.